காவலர்கள் மீது வழக்குத் தொடர வழக்கறிஞரை எப்படித் தேடுவது?

மேலூர்க்காரன்:
கடந்த மாதம் என் தம்பியை விசாரணைக்கென்று அழைத்துச் சென்ற காவலர்கள், இரண்டு இரவுகள் நிலையத்திலேயே வைத்திருந்து, வழக்குப் பதியாமலும் நடுவர் முன் நிறுத்தாமலும், மணிக்கட்டு முறிந்த நிலையில் அனுப்பிவிட்டார்கள். உள்ளூரில் நான் பார்த்த இரு வழக்கறிஞர்களும் பிடிகொடுக்காமல் பேசுகிறார்கள். மதுரையில் இத்தகைய வழக்குகளை நடத்துபவரை எப்படிக் கண்டறிவது?

வைகைக்கரை:
ஐயா, அன்றாடம் அதே காவல் நிலையத்துக்குப் போய் நிற்க வேண்டியவர்கள் தயங்குவதில் வியப்பில்லை. ஒத்தக்கடை அருகே உள்ள உயர் நீதிமன்றக் கிளையில் ரிட் மனுக்களை, அதாவது அரசின் அத்துமீறலை எதிர்த்து உயர் நீதிமன்றத்திலேயே நேரடியாகத் தாக்கல் செய்யும் மனுக்களை, நடத்துபவர்களை நாடுங்கள். நீதிமன்ற வழக்கு விவரங்களைத் தரும் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் வழக்கறிஞரின் பெயரைக் கொண்டே வழக்குகளைத் தேடலாம் என்பதால், அவர் அரசு அலுவலர்களுக்கு எதிராக நடத்திய மனுக்கள் என்னவாயின என்று பார்த்த பிறகே வக்காலத்தில் தம்பியைக் கையெழுத்திடச் சொல்லுங்கள். அதற்கு முன்பே, காவல் நிலையக் கேமராப் பதிவைப் பாதுகாக்கக் கோரிப் பதிவுத் தபாலில் மனு அனுப்பிவிடுங்கள். அப்பதிவுகளைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் உத்தரவிட்டுள்ளது.

பழைய குமாஸ்தா:
ரிட் மனுவை மட்டும் நம்பியிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அடிப்படை உரிமை மீறலுக்கு ரிட் வழியே இழப்பீடு வழங்கலாம் என்பது உச்ச நீதிமன்றத்தின் 1993ஆம் ஆண்டு நீலபதி பெஹரா தீர்ப்பிலிருந்து நிலைபெற்றதுதான். ஆனால் காயம் தங்களால் ஏற்படவில்லை என்று காவலர்கள் மறுத்தால், சாட்சி விசாரணை தேவை என்று கூறி உயர் நீதிமன்றம் உங்களை உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லக்கூடும். அங்கே சட்டவிரோதக் காவலுக்கான இழப்பீட்டு வழக்கின் காலவரம்பு ஓராண்டுதான். அரசுக்கு எதிராக என்றால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80ஆம் பிரிவின்படி இரண்டு மாத முன்னறிவிப்பும் வேண்டும். மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் ஓராண்டே வரம்பு. அதன் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு 2021இல் கூறியிருக்கிறது. இந்த மூன்றில் எது, ஏன் என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். "எல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்பவர் வேண்டாம்.

மேலூர்க்காரன்:
நன்றி ஐயா. ஆனால் மருத்துவமனை விபத்துப் பதிவேட்டில் "கீழே விழுந்ததாக" எழுதப்பட்டுள்ளது. தம்பிதான் அப்படிச் சொன்னான். பக்கத்தில் காவலர் நின்றிருக்கிறார்.

பழைய குமாஸ்தா:
அது பாதகம்தான், ஆனாலும் வழக்கு அத்தோடு முடிந்துவிடாது. காவலர் நின்றிருந்ததையும் தம்பி அஞ்சிச் சொன்னதையும் முதல் மனுவிலேயே எழுதிவிடுங்கள். எதிர்த்தரப்பு பதிவேட்டைக் காட்டிய பிறகு சொன்னால், யோசித்துச் சேர்த்த கதையாகவே தோன்றும்.