குறள் பலகைக்குக் கீழே வெர்ஷன் எண்

கேம்களுக்கு மோட் செய்யும் வேலூர்ப் பக்கத்து மூன்று பேர், வெர்ஷன் எண் பற்றி எழுதியவை.

சத்துவாச்சாரியிலிருந்து:

பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா கேமுக்கு நம்ம ஊர் டவுன் பஸ் மோட் (கேமில் நாமே சேர்க்கும் ஃபைல்) செய்கிறேன். காட்பாடி–பாகாயம் வண்டிதான் முதலில் செய்தது. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் டீ குடிக்கும்போது தெரிந்த தம்பி ஒருவன் வந்து, "அண்ணா, உங்க பஸ்ல பின் கதவு திறக்கவே மாட்டேங்குது" என்றான். அதைச் சரிசெய்து புது ஃபைல் போட்டு எவ்வளவோ நாளாகிறது. போனை வாங்கிப் பார்த்தால் ஃபைலின் பெயர் 'வேலூர் பஸ் நியூ ஃபைனல் (2)'. நண்பன் வாட்ஸ்அப்பில் அனுப்பினானாம். அவனுக்கு ஏதோ டெலிகிராம் குரூப்பில் கிடைத்ததாம். கை மாறும்போது ஆளுக்கொரு பெயர் வைத்துவிடுகிறார்கள். அப்புறம் ஃபைல் பெயரில் வெர்ஷன் எழுதி என்ன பயன்?

அதனால் எண்ணை வண்டிக்குள்ளேயே எழுதினேன். லிவரியில் (வண்டியின் வெளிப் பெயிண்ட்) எழுதினால் நிற்காது, அது தனிப் படம், யார் வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். வண்டியின் 3டி மாடலோடு சேர்ந்த டெக்ஸ்சரில்தான் (மாடல் மேல் ஒட்டியிருக்கும் படம்) எழுத வேண்டும். அரசு பஸ்ஸில் குறள் பலகை இருக்குமே, அதற்குக் கீழே சின்னதாக 1.4. இப்போது யார் புகார் சொன்னாலும், "உள்ளே கேமராவைத் திருப்பி ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பு தம்பி" என்பதோடு சரி. பாதிப் புகார் அங்கேயே முடிந்துவிடுகிறது. சிலர் குறளையும் படிக்கிறார்கள்!

ராணிப்பேட்டையிலிருந்து:

நான் யூரோ டிரக் சிமுலேட்டர் 2 என்ற லாரி கேமுக்கு மேப் போடுகிறேன், வாலாஜாவிலிருந்து பள்ளிகொண்டா டோல்கேட் வரை. 2019-இல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்ததும் வழியெல்லாம் போர்டு மாற்ற வேண்டியதாயிற்று. 1.9-க்கு அடுத்ததாக அந்த மாற்றங்களோடு 1.10 வந்தது. ஆற்காட்டு நண்பர் ஒருவர், "ஏங்க, 1.9 இருக்கும்போது எதுக்கு 1.10-க்குத் திரும்பிப் போனீங்க?" என்று கேட்டார். வெர்ஷனில் புள்ளிக்குப் பின்னால் இருப்பது தனி எண், ஒன்பதுக்கு அடுத்தது பத்து. ஆனால் தசமக் கணக்குப்படி அவர் கேட்டது நியாயம்தான். எல்லாருக்கும் விளக்கிக்கொண்டிருக்க முடியாது என்று அடுத்ததை 2.0 ஆக்கிவிட்டேன்.

இந்த கேமில் மோடின் விவரம் எழுதும் மேனிஃபெஸ்ட் ஃபைலில் இரண்டு இடம் உண்டு: ஒன்று மோடின் வெர்ஷன், இன்னொன்று எந்த கேம் வெர்ஷனுக்குப் பொருந்தும் என்பது. இரண்டையும் குழப்பினால் கேமில் மோடுகளைத் தேர்ந்தெடுக்கும் மோட் மேனேஜர் பொருந்தாது என்று காட்டும். கேம் வாங்கும் ஸ்டீம் தளத்தில் பீட்டா பகுதிக்குப் போய்ப் பழைய கேம் வெர்ஷனிலேயே ஓட்டுகிறவர்கள் நிறைய. அவர்களுக்காகப் பழைய மோடை நான் அழிப்பதே இல்லை, 'பழசு' என்று எழுதி அப்படியே வைத்திருக்கிறேன்.

குடியாத்தத்திலிருந்து:

எல்லாரும் டவுன்லோடு எண்ணிக்கையைப் பற்றிக் கேட்கிறார்கள். கூகுள் டிரைவில் எத்தனை பேர் இறக்கினார்கள் என்று தெரியாது. ஆனால் 'வெர்ஷன்களை நிர்வகி' வழியாகப் புது ஃபைலை ஏற்றினால் லிங்க் மாறாது, யூடியூப் வீடியோவுக்குக் கீழே போட்டது அப்படியே வேலை செய்யும். பழைய வெர்ஷன் 30 நாளில் போய்விடும், வேண்டுமென்றால் நிரந்தரமாக வை என்று குறித்துவிடுங்கள். புரோகிராம்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் ரிலீஸாக (ஒரு வெர்ஷனுக்கான வெளியீடு) போட்டால், ஒவ்வொரு ஃபைலையும் எத்தனை முறை இறக்கினார்கள் என்று தனிக் கணக்கு உண்டு. அங்கே ஃபைலை அழித்துவிட்டு அதே பெயரில் மறுபடி ஏற்றினால் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும். சின்னத் திருத்தமானாலும் புது ரிலீஸ் போடுவது நல்லது. புதுசுக்கு எத்தனை பேர் மாறினார்கள் என்பதும் தெரியும். எனக்கு மொத்தத்தைவிட அந்தக் கணக்குதான் உதவுகிறது.

மொத்தத்தை நம்பவும் முடியாது. ஒரு வீடியோ சேனல்காரர் என் லாரி மோடைத் தன் லிங்க்கில் ஏற்றி விளம்பரக் காசு பார்த்தார். கேட்டதற்கு, "உங்களுக்கு விளம்பரம்தானே சார்" என்கிறார். இறக்கியவர்கள் அவர் கணக்கில், வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று கேட்கிறவர்கள் மட்டும் என் கணக்கில். சத்துவாச்சாரி நண்பர் சொன்ன மாதிரி டாஷ்போர்டில் வெர்ஷனோடு என் லிங்க்கையும் எழுதப் போகிறேன்.