ரோட்டோரச் சாவடிக்கு நான் கொடுக்கிறேன், கல்வெட்டு மட்டும் வேண்டாம்

சங்கத்து உறவுகள் எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூர் யீஷூனிலிருந்து எழுதுகிறேன்.

நாத்தனார் ஊருக்குப் போனபோது எடுத்து அனுப்பிய படங்களைப் பார்த்திருப்பீர்கள். வழிப்போக்கர்கள் தங்குகிற நம் ஊர்ச் சாவடியின் முன்பக்கக் கூரை உட்கார்ந்துவிட்டது. தேக்கு உத்தரத்தில் ஒன்றைக் காணோம். உள்ளே வைக்கோல் அடைத்திருக்கிறார்கள், பின்பக்கம் பாட்டில் குவியல். தண்ணீர்ப் பந்தல் போடும் மேடையில் ஒருவர் சிமெண்ட் மூட்டை அடுக்கியிருக்கிறார். யார் என்று எல்லாருக்கும் தெரியும், அதை இங்கே இழுக்க வேண்டாம். ஆவணி பிறந்தால் காவி கட்டிக்கொண்டு வேளாங்கண்ணிக்கு நடப்பவர்கள் அந்த ரோட்டில் வர ஆரம்பித்துவிடுவார்கள். ஆகஸ்ட் 29 கொடியேற்றம். அதற்குள் கூரை போட வேண்டும் என்றுதான் சித்தப்பா பணம் கேட்டு எழுதினார்.

அதற்கு வாத்தியார் வீட்டுப் பெரியப்பா எழுதிய பதிலைப் படித்துவிட்டு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஊர் பேர் தெரியாதவர்கள் படுத்து எழுந்து போவதற்கு நம் பணமா, அதற்குப் பதில் ஊர் எல்லையில் ஒரு வளைவு கட்டி, கொடுத்தவர்கள் பெயரைக் கல்லில் வெட்டினால் நம் பிள்ளைகளாவது பார்ப்பார்களே என்று கேட்டிருக்கிறீர்கள். பெரியப்பா, என் கல்யாணத்துக்கு நீங்கள் செய்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அந்த உரிமையில்தான் சொல்கிறேன். ஊர் பேர் தெரியாதவர்கள் செய்ததால்தான் நான் என் அம்மாவைப் பார்த்தேன். இதைக் குழுவில் இதுவரை எழுதியதில்லை.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. அம்மா நம்பர், பக்கத்து வீடு, மளிகைக்கடை, எதுவும் போகவில்லை. கிடைத்த விமானத்தில் திருச்சிக்குப் போய் இறங்கினேன். தஞ்சாவூருக்கு ஒரு பஸ், மன்னார்குடிக்கு இன்னொரு பஸ். அதற்கு மேல் வண்டி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். திருத்துறைப்பூண்டி ரோடு முழுக்கத் தென்னையும் புளியமரமும் கரண்ட் கம்பமும் சாய்ந்து கிடக்கின்றன. இருட்டிவிட்டது. கையில் பெட்டி, போனில் டவர் இல்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டு டீ விற்ற ஓர் அக்கா என்னைப் பிடித்து உட்காரவைத்தார். "தனியா நடக்காதேம்மா, பாம்பெல்லாம் மேட்டுக்கு ஏறியிருக்கும்" என்றார். டீக்குக் காசு வாங்கவில்லை. போகிற வண்டியை எல்லாம் ரோட்டில் இறங்கி நின்று மறித்தார். நாலைந்து வண்டி நிற்காமல் போனது. அப்புறம் ஒரு குட்டி யானை லோடு வண்டி நின்றது. கரூர் பக்கத்துப் பையன்கள் இரண்டு பேர், பின்னால் ஜெனரேட்டரும் மரம் அறுக்கிற மெஷினும். கரண்ட் இல்லாத ஊர்களில் தண்ணீர் டேங்க் ஏற்றிக் கொடுக்கத் தலைஞாயிறு பக்கம் போகிறவர்கள். நம் ஊர் அவர்கள் வழியே இல்லை. டீக்கடை அக்கா வண்டி நம்பரை ஒரு சிகரெட் அட்டையில் எழுதி வைத்துக்கொண்டு, "என் தங்கச்சி, பத்திரமா விடணும்" என்று சொல்லி ஏற்றிவிட்டார். அந்த அக்காவுக்கு நான் யார்?

வழியில் எத்தனை மரம் அறுத்தார்கள் என்று எண்ணவில்லை. ஓர் இடத்தில் மெஷின் நின்றுபோனது. இருட்டிலிருந்து அரிவாளும் கயிறுமாக ஆட்கள் வந்து இழுத்துப் போட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போனார்கள். அவர்கள் வீட்டுக் கூரையும் போயிருக்கும். ஒரு பள்ளிவாசல் வாசலில் அண்டா வைத்து சாம்பார் சாதம் போட்டுக்கொண்டிருந்தார்கள், வண்டியை நிறுத்தி வாழையிலைத் துண்டில் வைத்துக் கொடுத்தார்கள். விடியும் நேரத்துக்கு நம் ஊர் முனையில் கம்பம் விழுந்து வண்டி போகாது என்றானது. பெரியவன் டார்ச் எடுத்துக்கொண்டு, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கூடவே நடந்தான்.

வீட்டில் ஓடு இல்லை, அம்மா இல்லை. நெஞ்சு அடைத்துவிட்டது. மேலத்தெரு ஆள் ஒருவர் கைகாட்டினார். சாவடியில் இருந்தாள். முன்பக்கம் வேப்பமரம் விழுந்து கூரை பிளந்திருந்தது, உள்கூடம் அசையவில்லை. கீழத்தெருவே அங்கேதான் இருந்தது, ரோட்டில் மாட்டிக்கொண்ட வெளியூர் லாரிக்காரர்கள் உட்பட. என் அம்மாவுக்குப் போர்த்தியிருந்தது ஒரு லாரிக்காரரின் கம்பளி. நான் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டுத் திரும்பினால், பெட்டி தூணோரம் இருக்கிறது, பையன் இல்லை. ரோட்டுக்கு ஓடினேன். வண்டியும் இல்லை.

பெரியப்பா, சீர்காழிக்குப் பக்கத்தில் இருக்கிற குருகாவூருக்கு நீங்கள்தான் என்னைச் சின்ன வயதில் அழைத்துப் போனீர்கள். சுந்தரர் அடியார்களோடு பசியும் தாகமுமாக நடந்து வருகிறார், வழியில் ஓர் அந்தணர் பந்தல் போட்டுப் பொதிசோறும் தண்ணீரும் கொடுக்கிறார், சாப்பிட்டுவிட்டு எல்லாரும் கண் அயர்கிறார்கள், எழுந்து பார்த்தால் கொடுத்தவரும் இல்லை, பந்தலும் இல்லை. நீங்கள் சொன்ன கதை. அன்றைக்குக் கதையாகக் கேட்டேன். அந்த ரோட்டில் நின்றபோது அதை நேரில் பார்த்தேன். சாமி என்னைக் கைவிடவில்லை என்று எனக்குத் தெரியும், இதில் யாரும் எனக்கு வேறு விளக்கம் சொல்ல வேண்டாம்.

திங்களூர் அப்பூதி அடிகளையும் நினைத்துப் பாருங்கள். ஊரெல்லாம் தண்ணீர்ப் பந்தல் வைத்தவர், ஒன்றிலும் தன் பெயரை எழுதவில்லை. கண்ணால் பார்த்திராத திருநாவுக்கரசர் பெயரை எழுதினார். அப்பரே வந்து, உம் பெயரை எழுதாமல் வேறு பெயர் எழுதியது ஏன் என்று கேட்கும்படி இருந்தது. நம் தஞ்சாவூர்ச் சீமையில் பிறந்தவர்களுக்கு இதைவிடப் பெரிய பெருமை என்ன வேண்டும்?

சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு இதில் என்ன வந்தது என்று உட்லண்ட்ஸ் தம்பி கேட்டிருந்தான். தம்பி, நம் தாத்தா ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்து இறங்கியபோது, அழைக்க வர வேண்டியவர் வரவில்லை. காய்ச்சலோடு துறைமுக வாசலில் உட்கார்ந்திருந்தவரை நாகூர்க்காரர் ஒருவர் தன் கடைக்கு அழைத்துப் போய்க் கஞ்சி கொடுத்து, கடை முன்னால் இருக்கிற அஞ்சடி நடைபாதையில் பாய் போட்டுப் படுக்கவைத்தார். வேலை கிடைக்கும்வரை அங்கேதான். அதனால்தான் தாத்தா வருஷா வருஷம் தெலுக் ஆயர் தெருவில் உள்ள நாகூர் தர்காவுக்குப் போய் நின்றார். 1830 வாக்கில் கட்டி முடித்தது அது, அப்போது கடல் அந்தத் தெருவை ஒட்டியே இருந்தது. கொஞ்சம் தள்ளி, கடல் தாண்டி வந்த சீனர்கள் மாட்ஸு என்ற கடல் அம்மனுக்குக் கட்டிய கோவில். கப்பலில் வந்தவர்கள் முதலில் செய்த காரியம் நன்றி சொல்ல ஓர் இடம் கட்டியதுதான். தைப்பூசத்தன்று பெருமாள் கோவிலிலிருந்து தேங்க் ரோடு முருகன் கோவில் வரைக்கும் பால்குடம் எடுத்துப் போகிறாயே, வழியில் தண்ணீர் கொடுப்பவர்களிடம் எந்த ஊர் என்று கேட்டா வாங்கிக் குடிக்கிறாய்?

அப்பாயி இருந்தவரை ஆவணி மாதம் சாவடியில் மோர்ப்பானை எங்கள் வீட்டுப் பொறுப்பு. கறிவேப்பிலையும் இஞ்சியும் இடித்துப் போடுவது என் வேலை. நடக்கிறவர்களின் கால் கொப்புளத்துக்கு மஞ்சளும் எண்ணெயும் காய்ச்சி வைத்திருப்பாள். நம்மவர்களா, எந்தச் சாமிக்குப் போகிறவர்கள் என்றெல்லாம் அவள் கேட்டு நான் பார்த்ததில்லை. சுனாமியின்போதும் கரையோரத்திலிருந்து ஓடி வந்தவர்கள் அங்கேதான் தங்கினார்கள்.

இனிக் கணக்கு. துபாய் அண்ணன் பழைய வசூலுக்குக் கணக்குக் கேட்பது முழுக்க நியாயம். கஜாவுக்கு வசூலித்த பணத்துக்கு இன்றுவரை ஒரு தாள் கணக்கு வரவில்லை. சித்தப்பா கோபித்துக்கொண்டாலும் சரி, அதை முதலில் வெளியிட வேண்டும். சாவடி பஞ்சாயத்துச் சொத்தா, கோவில் சொத்தா என்பதைப் பார்த்து எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே கொத்தனாருக்கு முன்பணம். அதோடு, சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியவர்கள் ஊர்ச் சங்கக் கணக்குக்கு நேராக அனுப்பாதீர்கள். இந்திய வம்சாவளியினருக்குத் தருகிற ஓசிஐ அட்டை இருந்தாலும் இந்தியச் சட்டப்படி அது வெளிநாட்டு நன்கொடைதான், நம் சங்கத்துக்கு அதற்கான பதிவு கிடையாது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் தங்கள் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் தடையில்லை. இங்கே லிட்டில் இந்தியா தேக்காவில் உண்டியல் வைத்து வசூலிக்கலாம் என்ற யோசனையும் வேண்டாம். வெளிநாட்டுக் காரியத்துக்கு இங்கே பொதுமக்களிடம் பணம் திரட்ட அறநிறுவன ஆணையரிடம் அனுமதி வாங்க வேண்டும்.

இந்த வருஷம் கூரை முடியாவிட்டால் கீற்றுப் பந்தலாவது போட்டுவிடுங்கள், மோருக்கும் கால் எண்ணெய்க்கும் ஆகிற செலவு என்னுடையது. அம்மா பார்த்துக்கொள்வாள். கூரைக்கு என் பங்கு 500 சிங்கப்பூர் வெள்ளி. என்னிடம் இன்னும் இந்தியாவின் நீலப் பாஸ்போர்ட்தான், அதனால் நேராகவே அனுப்புகிறேன். துபாய் அண்ணன் எக்செல் போடும்போது அந்த வரியில் என் பெயர் வேண்டாம், கீழத்தெரு என்று மட்டும் போடட்டும்.