மலையேற்றத்தில் கொதித்து நின்ற கார்: ஹோஸை மாற்றியபின் குடும்பத்துடன் பயணத்தைத் தொடரலாமா?

கேள்வி

வணக்கம். குடும்பத்துடன் கிளம்பிய நெடும்பயணம் பாதி வழியில் தடைபட்டு, இரவு தங்கியிருக்கும் இடத்திலிருந்து இதை எழுதுகிறேன். வண்டி, ஏழு ஆண்டுகள் ஓடிய பெட்ரோல் கார், ஆட்டோமேட்டிக் கியர். நானும் மனைவியும் இரண்டு குழந்தைகளும் வயதான என் அம்மாவும் அமர்ந்திருக்க, பின்பகுதி நிறையச் சாமான்களுடன், இன்று பிற்பகல் நீண்ட மலையேற்றம் ஒன்றில் ஏசியை ஓடவிட்டபடி நெரிசலில் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தோம். டெம்பரேச்சர் முள் நடுக்கோட்டைத் தாண்டி மேலே சென்றது. ஓரங்கட்ட இடம் தேடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று கீழே இறங்கிவிட்டது. சூடு தணிந்துவிட்டது என்று எண்ணிய சற்று நேரத்தில் எஞ்சின் இழுவை குறைந்து, பானெட்டின் ஓரங்களிலிருந்து ஆவி கிளம்பியது. உடனே ஓரத்தில் நிறுத்தி எஞ்சினை அணைத்தோம்.

அருகிலிருந்து வந்த மெக்கானிக், ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கிளிப்புக்கு அருகே கிழிந்திருந்ததைக் காட்டி, அதை மாற்றி, வெறும் தண்ணீரை நிரப்பிக் கொடுத்தார். சில நிமிடங்கள் எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்ததில் முள் இயல்பாகவே நின்றது. மெதுவாக ஓட்டிக்கொண்டு தங்குமிடம் வந்து சேர்ந்தோம். மீதமுள்ள பாதையில் இன்னும் ஏற்றங்கள் இருக்கின்றன. நாளை பயணத்தைத் தொடரலாமா, அல்லது இழுவை வண்டியை வரவழைப்பதே நல்லதா என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

இன்னொரு ஐயமும் உண்டு. வண்டி நின்ற இடத்தில் மற்ற வாகனங்கள் மிக வேகமாகச் சென்றன. குழந்தைகளை வண்டிக்குள்ளேயே வைத்திருப்பதுதான் பாதுகாப்பு என்பது என் எண்ணம். இறக்கிவிட வேண்டும் என்பது மனைவியின் எண்ணம். இதில் எது சரி?

மறுமொழி 1

நண்பரே, பல ஆண்டுகளாகப் பணிமனையில் எஞ்சின் வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் விவரிப்பில் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது, கிழிந்த ஹோஸ் அல்ல. மேலே சென்ற முள் திடீரென்று கீழே இறங்கியது என்ற வரிதான். வெப்பத்தை அளக்கும் சென்சார், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டில் மூழ்கியிருக்கும்வரைதான் அது காட்டும் அளவை நம்பலாம். கூலன்ட் வெளியேறி அந்த இடத்தில் காற்றும் ஆவியும் நிறைந்துவிட்டால், எஞ்சின் மேலும் மேலும் சூடாகிக்கொண்டிருக்கும்போதே முள் இறங்கிவிடக்கூடும். ஆகவே முள் இறங்கியதற்கும் நீங்கள் எஞ்சினை அணைத்ததற்கும் இடைப்பட்ட நேரத்தில் எஞ்சின் கூலன்ட் இல்லாமலே ஓடியிருக்க வாய்ப்பு அதிகம். இன்றைய கார்களில் எஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட் பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனது. அளவுக்கு மீறிச் சூடேறினால் அது வளைந்துபோகும், அதற்கும் கீழ்ப்பகுதியான பிளாக்குக்கும் நடுவில் இடுக்கை அடைத்திருக்கும் கேஸ்கெட் பழுதாகும். அது தப்பித்ததா என்பது தெரியாமல், ஹோஸ் சரியாகிவிட்டது என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

நாளைக் காலை, எஞ்சின் முழுவதும் ஆறிய நிலையில், சாவியைத் தொடுவதற்கு முன்பே சில சோதனைகளைச் செய்துவிடுங்கள். ஆயிலின் அளவைப் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறத்தையும் பாருங்கள். ஆயில் பால் கலந்ததைப் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள்; அதற்குப்பின் எஞ்சினை ஓட்டவே கூடாது. அடுத்து, ரேடியேட்டரிலும் ரிசர்வ் தொட்டியிலும் தண்ணீர் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பாருங்கள். ஹோஸ் மாற்றும்போது உள்ளே தங்கிய காற்று இரவில் மேலேறுவதால் சிறிதளவு குறைவது இயல்பே. நிறையக் குறைந்து, தரையிலும் ஈரம் இல்லையென்றால் அது எஞ்சினுக்குள்தான் போயிருக்கிறது.

பிறகு எஞ்சினைக் கிளப்புங்கள். முதல் சில நொடிகள் திக்கித் திணறி ஓடினால், இரவில் ஏதோ ஒரு சிலிண்டருக்குள் தண்ணீர் கசிந்திருக்கக்கூடும். கிளப்பிய ஓரிரு நிமிடங்களில், அதாவது தண்ணீர் இன்னும் சூடேறாத நிலையிலேயே, மேல் ஹோஸை அழுத்திப் பாருங்கள். அதற்குள் கல்போல் இறுகியிருந்தாலோ ரிசர்வ் தொட்டியில் குமிழிகள் இடைவிடாமல் வந்தாலோ, எரிந்த வாயு கேஸ்கெட்டைத் தாண்டி வருகிறது. காலைக் குளிரில் புகைக்குழாயில் சற்று நேரம் வெண்மையாக ஆவி வருவது எல்லா வண்டிகளுக்கும் உள்ளதுதான். எஞ்சின் சூடான பிறகும் அது அடர்த்தியாக நீடித்தால்தான் அஞ்ச வேண்டும். இவை எல்லாவற்றையும்விட உறுதியான சோதனை ஒன்று பணிமனைகளில் உண்டு: ரேடியேட்டர் வாயில் வைக்கும் குழாயிலுள்ள நீல நிறத் திரவம், எரிந்த வாயு பட்டால் மஞ்சளாக மாறும். அருகில் அந்த வசதி இருந்தால் செய்துவிடுவது நல்லது.

வெறும் தண்ணீரைப் பற்றியும் ஒரு சொல். அவசரத்துக்கு அது போதும், மலையேற்றத்துக்குப் போதாது. நன்றாக மூடும் ரேடியேட்டர் மூடி, வெளிக்காற்றைவிட ஏறத்தாழ 1 பார் கூடுதல் அழுத்தத்தைத் தாங்கி நிற்கும்போது வெறும் தண்ணீர் சுமார் 120 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் 125 டிகிரியைத் தாண்டியே கொதிக்கும். மூடியின் ரப்பர் தளர்ந்து அழுத்தம் நிற்காமல் போனால் தண்ணீரின் கொதிநிலை 100 டிகிரிக்கே இறங்கிவிடும். எனவே புதிய மூடியும் சரியான கூலன்ட்டும் வாங்கி, நிரப்பியபின் காற்றை முழுவதுமாக வெளியேற்றச் சொல்லுங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது மூடியை மட்டும் திறக்கவே திறக்காதீர்கள். அழுத்தம் விடுபட்ட கணத்தில் உள்ளிருக்கும் தண்ணீர் முழுவதும் கொதித்து முகத்தில் பாயும்.

இறுதியாக ஒரு கேள்வி. நெரிசலில் மெதுவாக ஏறும்போது ஏசியின் குளிர்ச்சி குறைந்திருந்ததா? வண்டியின் வேகம் குறையும்போது ரேடியேட்டருக்கும் அதன் முன்னாலுள்ள ஏசி கண்டென்சருக்கும் காற்றைக் கொடுப்பது மின்விசிறி ஒன்றுதான். அது சுழலாமலிருந்தால் எஞ்சினின் குளிர்ச்சியும் ஏசியின் குளிர்ச்சியும் ஒரே நேரத்தில் கெடும். பழைய ஹோஸ் தானாகக் கிழிந்ததா, அல்லது வெப்பமும் அழுத்தமும் ஏறியதால் கிழிந்ததா என்பதை அறிந்தால்தான் இந்தப் பழுது நாளை மீண்டும் வராமல் தடுக்க முடியும்.

மறுமொழி 2

வண்டியைப் பற்றி மேலே உள்ளவர் சொல்லிவிட்டார். நான் உங்கள் இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். உங்கள் மனைவி சொன்னதே சரி. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு நொடியில் 25 மீட்டரைக் கடக்கிறது. ஓட்டுநர் கண்டு, உணர்ந்து, பிரேக்கை மிதித்து நிற்பதற்கு வறண்ட சாலையிலேயே சுமார் 70 மீட்டர் தேவைப்படும். அவர் ஒரு கணம் கவனம் சிதறினால், நின்றுகொண்டிருக்கும் வண்டிக்குள் இருப்பவர்களுக்குத் தப்பிக்க வழியே இல்லை. வேகச் சாலையின் ஓரத்தில் நிற்க நேர்ந்தால், போக்குவரத்து இல்லாத பக்கத்துக் கதவு வழியாக எல்லோரையும் இறக்கி, தடுப்புக் கம்பிக்கு அப்பால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அதிலும் வண்டிக்கு முன்னால் நிற்கக் கூடாது; வாகனங்கள் எந்தத் திசையிலிருந்து வருகின்றனவோ அந்தப் பக்கமாக, வண்டியைவிட்டு நன்றாகத் தள்ளி நிற்க வேண்டும். பின்னாலிருந்து மோதப்படும் வண்டி முன்னோக்கித்தான் பாயும்.

எச்சரிக்கை முக்கோணத்தை வண்டியை ஒட்டி வைப்பதால் பயனில்லை. மேலே சொன்ன வேகத்துக்கு 100 மீட்டர் பின்னால் வைத்தால்தான் வருபவருக்கு 4 நொடி அவகாசம் கிடைக்கும். வளைவுக்கு அப்பால் நிற்கிறீர்கள் என்றால், வளைவு தொடங்குவதற்கு முன்பே வைக்க வேண்டும். சாலையின் அமைப்பு நடந்து சென்று வைப்பதற்கே இடம் தராவிட்டால் அதைக் கைவிட்டு, ஹசார்ட் விளக்குகளை எரியவிட்டு ஒதுங்கிவிடுவதே மேல்.

இறங்க வழியே இல்லாத இடம் என்றால் மட்டும், எல்லோரும் சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு உள்ளே இருக்கலாம். அப்போதும் ஏசி நின்ற வண்டியின் சூட்டை மறந்துவிட வேண்டாம். வெயிலில் நிற்கும் காரின் உட்புறம் 10 நிமிடத்திலேயே 10 டிகிரி அளவுக்குச் சூடேறிவிடும். குழந்தைகளும் முதியவர்களுமே முதலில் தளர்வார்கள். உங்கள் அம்மாவுக்கு வழக்கமான மருந்துகளும் போதிய குடிதண்ணீரும் பின்பகுதியிலுள்ள மூட்டைக்குள் இல்லாமல், கைக்கெட்டும் பையில் இருக்கட்டும்.

மறுமொழி 3

முதல் மறுமொழியை முழுவதும் ஏற்கிறேன். ஆனால் அதைப் படித்துவிட்டுப் பயணத்தையே கைவிட வேண்டும் என்று நீங்கள் முடிவுகட்டிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். அந்தச் சோதனைகள் அனைத்திலும் வண்டி தேறிவிட்டால், குடும்பத்தினரைத் தங்குமிடத்திலேயே விட்டுவிட்டு, நீங்கள் மட்டும் ஒரு சிறு ஏற்றம் உள்ள பாதையில் 20 கிலோமீட்டர் போல ஓட்டிப் பாருங்கள். திரும்பி வந்து, எஞ்சின் ஆறியபின் தண்ணீரின் அளவு குறையாமலிருந்தால் தொடர்வதில் தவறில்லை. அம்மாவை மட்டும் வேறொரு வாகனத்தில் முன்னதாக அனுப்பிவைக்க முடியுமானால் உங்கள் மனச்சுமை பாதியாகிவிடும், சுமையும் குறையும்.

ஏற்றத்தில் ஏசியை அணைத்துவிடுங்கள். உயர்ந்த கியரில் எஞ்சினைத் திணறவிடாமல், கீழ் கியரைத் தேர்ந்து சீரான வேகத்தில் ஏறுங்கள். கீழ் கியரில் எஞ்சின் வேகமாகச் சுழலும்; பெரும்பாலான எஞ்சின்களில் தண்ணீர் பம்ப் எஞ்சினின் சுழற்சியோடு சேர்ந்தே சுழல்வதால் கூலன்ட்டும் விரைந்து ஓடும். முள் ஏறத் தொடங்கினால் ஹீட்டரை முழு அளவில் திறந்துவிடுங்கள். வண்டிக்குள் இருப்பவர்களுக்கு அது வேதனைதான், ஆனால் ஹீட்டரும் ஒரு சிறிய ரேடியேட்டரே. கசிவோ ஆவியோ இல்லாமல் முள் மட்டும் சற்று ஏறியிருந்தால், ஓரங்கட்டி எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிடுவது சூட்டைத் தணிக்கும். ஆவி தெரிந்தாலோ முள் சிவப்பைத் தொட்டாலோ அந்தக் கணமே அணைத்துவிட வேண்டும்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. காலையில் நீங்கள் சொன்ன வரிசையிலேயே பார்த்தோம். ஆயில் தெளிவாக இருக்கிறது. தண்ணீர் சிறிதளவே குறைந்திருந்தது. எஞ்சின் திணறாமல் கிளம்பியது. ஹோஸ் இறுகவில்லை, குமிழிகளும் இல்லை. ஆனால் ஏசியைப் பற்றிக் கேட்டீர்களே, அதில்தான் விடை இருக்கிறது என்று தோன்றுகிறது. மலையேறும்போது குளிர்ச்சியே வரவில்லை என்று அம்மா சொல்லிக்கொண்டே வந்தார். வெயில் கடுமையாக இருப்பதால் அப்படித் தோன்றுகிறது என்று நாங்கள் சமாதானம் சொன்னோம். இப்போது எஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போட்டுப் பார்த்தால் ரேடியேட்டர் விசிறி அசையவே இல்லை. இனி எதைப் பார்க்க வேண்டும்?

மறுமொழி 1-இன் தொடர்ச்சி

கேஸ்கெட் தப்பித்திருப்பதாகவே தெரிகிறது, மிக்க மகிழ்ச்சி. விசிறி சரியாகும்வரை மலைப்பாதையில் ஏற வேண்டாம். முதலில் விசிறிக்கான ஃப்யூஸையும், அதற்கு மின்சாரத்தை இணைத்துவிடும் சுவிட்சான ரிலேயையும் பாருங்கள். அவை நன்றாக இருந்தால், மோட்டாரின் இணைப்பைக் கழற்றி, மெக்கானிக்கைக் கொண்டு பேட்டரியிலிருந்து நேரடியாக மின்சாரம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சுழன்றால் வயரிங்கிலோ சென்சாரிலோ கோளாறு, சுழலாவிட்டால் மோட்டாரையே மாற்ற வேண்டும். ஃப்யூஸ் எரிந்திருந்தால் புதியதைப் போட்டதோடு நிறுத்திவிடாதீர்கள். தேய்ந்த மோட்டார் அதிக மின்சாரத்தை இழுத்து அதை மீண்டும் எரித்துவிடும். இவற்றைப் பார்க்கும்போது கையை விசிறிக்கு அருகே கொண்டுபோக வேண்டாம். பல கார்களில் எஞ்சினை அணைத்த பிறகும் அது தானாகவே சுழலத் தொடங்கும்.

மோட்டார் உள்ளூரில் கிடைக்காமல் வண்டியைப் பெரிய பணிமனைக்குக் கொண்டுபோக நேர்ந்தால், கயிறு கட்டி இழுக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். எஞ்சின் ஓடாதபோது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் ஆயில் பம்பும் பொதுவாக ஓடாது. எஞ்சின் சுழற்றும் சக்கரங்கள் தரையில் உருண்டால் உள்ளிருக்கும் பாகங்கள் ஆயிலின்றித் தேய்ந்துவிடும். நான்கு சக்கரங்களும் மேலே ஏறும்படியான தட்டையான மேடையுள்ள வண்டிதான் வேண்டும் என்று தொலைபேசியில் பேசும்போதே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.