மறு: மல்டிபாத் – ‘பல்பாதை’யா, ‘தெறிப்பலை’யா?

அன்புள்ள குழுவினருக்கு,

வரைபடச் செயலியின் தமிழாக்க வரைவில் வரும் ‘மல்டிபாத்’ (multipath) என்ற சொல் பற்றியது இது. செயற்கைக்கோளின் அலை நேராக வராமல் சுவர்களில் பட்டு வேறு வழிகளில் வந்து, கைபேசி காட்டும் இடத்தைப் பிழையாக்குவதை அப்படிச் சொல்கிறார்கள். எழுந்த கேள்விகளுக்கு என் பதில்கள்:

> மல்டிபாத் என்பதற்குப் ‘பல்பாதை’ போதுமே. நேராக விளங்குகிறது. புதுச்சொல் எதற்கு?

பல பாதைகள் இருப்பது விளங்குகிறது, ஐயா. அதனால் என்ன கெடுதல் என்பதுதான் விளங்கவில்லை. வரைபடச் செயலியில் இந்தச் சொல்லைப் பார்ப்பவர், மாற்றுவழி காட்டுகிறார்கள் போலும் என்று எண்ணிக்கொள்வார்.

செயற்கைக்கோள் அனுப்பிய அலை கண்ணாடிச் சுவரில் பட்டுத் தெறித்து, கைபேசிக்குப் பிந்தி வந்து சேர்கிறது. கருவியோ அது நேராக வந்ததாக நம்பித் தொலைவைக் கணக்கிடுகிறது. 100 நானோநொடி பிந்தினாலே அந்தத் தொலைவில் 30 மீட்டர் கூடிவிடும். வரைபடத்தில் நம் இடத்தைக் காட்டும் நீலப்புள்ளி பக்கத்துத் தெருவுக்குத் தாவும். ஆட்டோக்காரர் அங்கே போய் நின்றுகொண்டு நம்மை அழைப்பார். நெருங்கிய அடுக்குமாடிகளுக்கு நடுவே சில செயற்கைக்கோள்களின் நேர் அலை வரவே வராது, தெறித்த அலை மட்டுமே வரும். அங்கே ‘பல்’ ஏது? (பொறியாளர்கள் இதைத் தனி வகையாகப் பிரிப்பார்கள். பயனர் திரையில் அந்த நுணுக்கம் வேண்டாம்.)

என் பரிந்துரை: அலைக்குத் ‘தெறிப்பலை’, அதனால் நேரும் பிழைக்குத் ‘தெறிப்புப் பிழை’.

> பாடநூலில் ‘எதிரொளிப்பு’ இருக்கிறதே?

தமிழ்நாட்டுப் பாடநூலில் இருக்கிறது. இலங்கைப் பாடநூல்களில் அதுவே ‘தெறிப்பு’. ‘எதிரொளிப்பு’ என்றதும் கண்ணாடியும் வெளிச்சமும்தான் நினைவுக்கு வரும். ‘தெறிப்பு’ எந்த அலைக்கும் பொருந்தும். ஈழத்து நண்பர்களுக்குப் பழகிய சொல், நமக்கும் புதிதில்லை.

> எல்5 வந்தபின் இந்தப் பிழையே இருக்காதே?

குறையும், ஒழியாது. எல்1, எல்5 என்பவை இந்தச் செயற்கைக்கோள்கள் அலை அனுப்பும் இரு அதிர்வெண்கள். பழைய எல்1-இன் குறித்தொடரில் (தொலைவைக் கணக்கிட அலையில் ஏற்றி அனுப்பும் குறிகளின் வரிசை) ஒரு துண்டின் நீளம் ஏறத்தாழ 293 மீட்டர். எல்5-இல் அதில் பத்தில் ஒரு பங்குதான். துண்டு சிறுக்கச் சிறுக்க, நேர் அலையையும் பிந்திய தெறிப்பலையையும் பிரித்தறிவது எளிது. 2018-இல் வந்த ஷாவ்மி மி 8 தொடங்கி, இரண்டையும் வாங்கும் கைபேசிகள் கடைக்கு வந்துவிட்டன. இந்தியாவின் இடங்காட்டும் செயற்கைக்கோள் அமைப்பான நாவிக் முதலிலிருந்தே எல்5-இல் இயங்குகிறது. 2023 மே மாதம் ஏவிய என்விஎஸ்-01 செயற்கைக்கோளில் எல்1-உம் சேர்ந்தது. ஆனால் நேர் அலையே மறைபட்ட தெருவில் எல்5 மட்டும் என்ன செய்துவிடும்? அமெரிக்காவின் ஜிபிஎஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ என்று வானில் கூட்டம் பெருகியிருப்பதால், ஐயத்துக்குரியதைக் கணக்கில் சேர்க்காமல் மற்றவற்றை வைத்து ஒப்பேற்றலாம். அந்தத் துணிவு முன்பு கருவிக்குக் கிடையாது.

இன்னொன்று. வரைவில் ‘இரட்டை அலைவரிசை’ என்று இருக்கிறது. அலைவரிசை என்றால் வாசகர் தொலைக்காட்சியைத்தான் நினைப்பார். ‘இரட்டை அதிர்வெண்’ என்று திருத்திவிடலாம். ஆங்கிலத்தில் ‘சிப்’ (chip) எனப்படும் குறித்தொடரின் ‘துண்டு’க்குத்தான் எனக்கு நல்ல சொல் அகப்படவில்லை. ‘சில்லு’ என்றால் கைபேசிக்குள் இருக்கும் சில்லோடு மோதுகிறது. யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.