புதுப்பிப்பு: தோலில் நிற்காத வாசனை எண்ணெய்

கைவினைத் தயாரிப்பான பெர்கமாட் (ஒரு சிட்ரஸ் பழம்)–வெட்டிவேர் வாசனை எண்ணெய் என் தோலில் சீக்கிரம் மறைகிறதே, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

பலித்தது, மணமில்லாத பெட்ரோலியம் ஜெல்லியை முதலில் லேசாகத் தடவி, அதன்மேல் எண்ணெயை வைக்கும் யோசனை. காலையில் வைத்தது மாலையிலும் மணக்கிறது. துணியில் இன்னும் நீடித்தது; ஆனால் வெள்ளைச் சட்டையில் மஞ்சள் கறை! எண்ணெய் வைத்தபின் மணிக்கட்டுகளை ஒன்றோடொன்று தேய்க்காமல் விட்டதில் எனக்கு வேறுபாடு தெரியவில்லை.

எதிர்பாராதது: பெர்கமாட் எப்படியும் முதலில் பறந்துவிடுகிறது, சிட்ரஸ் மணப்பொருள்கள் எளிதில் ஆவியாகுபவை. பிறகு ஈரமண் வாசத்தோடு எழும் வெட்டிவேர்தான், உண்மையைச் சொன்னால், எனக்கு அதிகம் பிடித்திருக்கிறது. மறைந்துவிட்டது என்று நான் நினைத்த நேரத்திலும் அருகிலிருந்தவருக்கு மணந்தது, மூக்கு பழகிவிடுகிறது.

ஒரு எச்சரிக்கை: பெர்கப்டென் (வெயிலில் தோலைப் பாதிக்கும் இயற்கைப் பொருள்) நீக்கப்படாத பெர்கமாட் என்றால், வெயில் படும் இடத்தில் தடவாதீர்கள். தோல் சிவந்து கருக்கக்கூடும்.