ஜெபிக்கிறேன், ஆனால் உள்ளே சந்தேகம் ஓடுகிறது

அத்திமரம்:
அம்மாவுக்கு இரண்டு மாதமாக டயாலிசிஸ், நான் ஒரே மகள். தினமும் ராத்திரி முழங்காலில் நிற்கிறேன், "சுகமாக்கும் ஆண்டவரே" என்று சொல்லும்போதே மனதுக்குள் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவு ஓடுகிறது. சந்தேகப்படுகிறவனுக்கு எதுவும் கிடைக்காது என்று யாக்கோபு நிருபத்தில் இருக்கிறதே, அது எனக்கும்தானா? விசுவாசத்தோடு ஜெபிக்க எப்படிப் பழகுவது?

சிறுவிளக்கு:
தங்கச்சி, மாற்கு 9-ஆம் அதிகாரத்தை மெதுவாக வாசித்துப் பாருங்கள். வலிப்பில் துடித்த மகனைக் கொண்டுவந்த அப்பா, விசுவாசிக்கிறேன் என்றும் என் அவிசுவாசம் நீங்க உதவும் என்றும் ஒரே மூச்சில் கண்ணீரோடு சொல்கிறார், இயேசு அவரைத் திருப்பி அனுப்பவில்லை, பையன் சுகமானான். நீங்களும் அந்த லேப் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டே, பயமாக இருக்கிறது என்று அவரிடம் சொல்லுங்கள். அதுவும் ஜெபம்தான்.

கடைசிபெஞ்ச்:
வார்த்தையே வராத நாட்களில் நான் 13-ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசிப்பேன். ஆறே வசனம், "எதுவரைக்கும்" என்ற புலம்பலில் தொடங்கிப் பாட்டில் முடியும். அப்புறம், சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே ஒரே ஜெபத்தை மூன்று தரம் செய்தார், அதனால் கேட்டதையே கேட்கக் கூச்சப்படாதீர்கள். சிகிச்சையை மட்டும் யார் சொன்னாலும் நிறுத்திவிடாதீர்கள்.

அத்திமரம்:
சரி. நாளை அம்மா உள்ளே இருக்கும் நான்கு மணி நேரமும் வெளியே பெஞ்சில்தான் இருப்பேன், பைபிளை எடுத்துப் பையில் வைத்துவிட்டேன்.