திரைக்குப் பின்னால் நான்கு நாள்

முன்வரிசையில் உட்கார்ந்து ஃபேஷன் ஷோ பார்த்த அனுபவத்தை நிறைய பேர் எழுதியிருக்கிறார்கள். நான் பின்னால் நின்றவள். 2023 மார்ச்சில் மும்பை லக்மே ஃபேஷன் வீக்கில் நான்கு நாள் டிரெஸ்ஸராக வேலை பார்த்தேன். அப்போது சென்னையில் ஃபேஷன் டிசைன் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். சீனியர் அக்கா ஒருவர் சொல்லித்தான் வாய்ப்புக் கிடைத்தது.

மாடலுக்கு உடை மாட்டிவிடுபவர்தான் டிரெஸ்ஸர். ஒரு மாடலுக்கு ஒரு ராக், அதாவது உடை தொங்கவிடும் ஸ்டாண்ட். அவர் போடவேண்டிய உடைகள் வரிசையாகத் தொங்கும், மேலே ஃபிட்டிங்கில் எடுத்த போட்டோ ஒட்டிய அட்டை இருக்கும். எந்தக் கம்மல், எந்தச் செருப்பு, துப்பட்டா எந்தத் தோளில் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். செருப்பின் அடியில் டேப் ஒட்டியிருப்பார்கள், இரவல் வாங்கியதைத் தேயாமல் திருப்பிக் கொடுக்க வேண்டுமே. ஷோ மொத்தமே பத்துப் பதினைந்து நிமிடம்தான். முதல் உடையில் நடந்துவிட்டு ஓடிவரும் பெண்ணுக்கு இரண்டாவது உடையை மாட்ட ஒரு நிமிடம் கிடைத்தால் பெரிய விஷயம்.

இரண்டாம் நாள் மாலை அந்த ஒரு நிமிடத்தில்தான் ஜிப் பிளந்துகொண்டது. கனமான லெஹங்கா, மேலே முதுகு முழுக்க ஸர்தோசி என்னும் ஜரிகை எம்ப்ராய்டரி செய்த சோளி. நான் இழுத்த வேகத்தில் ஜிப்பின் பல் விலகி, நடுவில் வாய் திறந்துவிட்டது. எனக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. ஊக்கு குத்தினால் வெளியே தெரியும். மேடை ஏறும் வரிசையில் அந்த மாடலுக்கு முன்னால் ஐந்து பேர்தான் இருந்தார்கள்.

யாரோ "மாஸ்டர்ஜி!" என்று கத்தினார்கள். இஸ்திரி மேசைக்குப் பின்னாலிருந்து அறுபது வயது இருக்கும் தையல்காரர் ஒருவர் வந்தார். சட்டைக் காலரில் நான்கைந்து ஊசிகள், எல்லாவற்றிலும் ஏற்கெனவே நூல் கோத்திருந்தது. வேண்டிய நிறத்தைப் பார்க்காமலே உருவினார். ஜிப்பைத் தொடவே இல்லை. இரண்டு விளிம்பையும் சேர்த்துப் பிடித்து, மேலிருந்து கீழே ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டே வந்தார். ஒவ்வொரு முறை ஊசி இறங்கும்போதும் துணிக்கும் முதுகுக்கும் நடுவில் தன் இடது கை விரலை வைத்துக்கொண்டார். ஊசி பட்டால் அவர் விரலில்தான் படும், அந்தப் பெண் மேல் படாது. கடைசியில் நூலைப் பல்லால் கடித்து, "போம்மா, ஒன்றும் ஆகாது" என்று இந்தியில் சொன்னார். அந்தப் பெண் போய்விட்டார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பின்னால் ஒரு சின்ன டிவி உண்டு, ஷோ அதில் ஓடும். வாங்க பார்க்கலாம் என்று மாஸ்டர்ஜியைக் கூட்டிப்போனேன். அந்த முதுகு திரையில் தெரிந்தது ஏழெட்டு விநாடி இருக்கும். "இந்த முதுகுக்கு மட்டும் நாலு பேர், இருபது நாள்" என்றார். உத்தரப் பிரதேசத்தின் பரேலியிலிருந்து சின்ன வயதிலேயே மும்பைக்கு வந்தவராம். எத்தனை ஷோ பார்த்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். உடைகளோடு டெம்போவில் வருவாராம், உடைகளோடு திரும்பிப் போவாராம், முன்பக்கம் போனதே இல்லையாம். குறையாகச் சொல்லவில்லை, சும்மா சொன்னார். எனக்குத்தான் தாங்கவில்லை.

சரி, முன்பக்கம் எப்படி இருந்தது என்று கேட்பீர்கள். இடைவேளையில் வெளியே வந்து பார்ப்பேன். உள்ளே போக அழைப்பு இல்லாவிட்டாலும் போட்டோ எடுக்கப்படுவதற்காகவே உடுத்திக்கொண்டு வந்த கல்லூரிப் பிள்ளைகள் வாசலில் நிறைய. அவர்களை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஒரு பையன் பாட்டியின் பட்டுப்புடவையை வெட்டாமல் மடித்தே கோட்டு மாதிரி கட்டியிருந்தான். உள்ளே நாற்காலிக்கு நாற்காலி பெயர் அட்டை. ஒரு ஷோவில் டிசைனரின் அம்மாவை எழுப்பிப் பின்வரிசைக்கு அனுப்பினார்கள், தாமதமாக வந்த ஒரு பிரபலத்துக்கு இடம் வேண்டுமாம். அந்த அம்மா மறுபேச்சு பேசாமல் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனதைத் திரை இடுக்கு வழியாகப் பார்த்தேன். இன்னும் கோபம் வருகிறது. ஷோஸ்டாப்பர், அதாவது கடைசியில் நடந்துவரும் பிரபலம், வந்ததும் எல்லாக் கேமராவும் நடிகை முகத்துக்குப் போய்விடும். உடையை யார் பார்க்கிறார்கள்?

ஆனால் பார்க்கிறவர்களும் உண்டு. ஸ்டால் பக்கம் ஒரு பெண்மணி, சாதாரணக் காட்டன் புடவை, தொங்கிய ஜாக்கெட் ஒன்றின் கையை உள்பக்கமாகத் திருப்பித் தையலைத் தடவிப் பார்த்துவிட்டு, "யார் நெய்தது?" என்றுதான் முதலில் கேட்டார். விலையை அப்புறம்தான் கேட்டார். டிசைனர் ராகுல் மிஸ்ரா 2006இல் இதே ஃபேஷன் வீக்கில் புதியவர்களுக்கான ஜென்நெக்ஸ்ட் மேடையில் கேரளக் கைத்தறியோடுதான் தொடங்கினார். 2020 ஜனவரியில், கையால் செய்யும் உயர்ரக உடைகளுக்கான பாரிஸ் ஹோட் கூத்தூர் வாரத்தில் ஷோ நடத்த அழைக்கப்பட்ட முதல் இந்திய டிசைனர் அவர். அன்றைக்கும் இப்படித் துணியைத் திருப்பிப் பார்த்தவர்கள் யாராவது இருந்திருப்பார்கள்.

நான் ஊர் திரும்பிய அதே மாதம் 30ஆம் தேதி, மும்பை கேட்வே ஆஃப் இந்தியா முன்னால் பிரெஞ்சு ஃபேஷன் நிறுவனமான டியோரின் ஷோ நடந்தது. மும்பை சாணக்யா எம்ப்ராய்டரி பட்டறையின் கைவேலையில் பெரிய தோரணம் கட்டியிருந்தார்கள். வீட்டில் போனில் அதைப் பார்த்தபோது அம்மா "அடேயப்பா, நம்ம ஆரி வேலை மாதிரி இருக்கே" என்றாள். நான் மாஸ்டர்ஜியின் இடது கை விரலைப் பற்றிச் சொன்னேன்.

ஃபேஷன் வீக்கில் அவரைக் கடைசியாகப் பார்த்ததும் அதே சோளியோடுதான். ஷோ முடிந்ததும் தையலைப் பிரித்து, உதிர்ந்த மணிகள் எத்தனை என்று வெளிச்சத்தில் பிடித்து எண்ணினார். மூன்று. மெல்லிய மல் துணியில் சோளியைச் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார்.

படிக்கிற பிள்ளைகள் யாருக்காவது டிரெஸ்ஸராகப் போக வாய்ப்பு வந்தால் விட்டுவிடாதீர்கள். கறுப்பு உடை, தட்டையான செருப்பு, நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். காலரில் ஊசிகளைக் குத்திக்கொண்டு போங்கள். நூல் முதலிலேயே கோத்திருக்க வேண்டும்.